புது வீட்டுச் சாவி கைக்கு வந்ததும் முதலில் மீட்டரைத் தேடுங்கள்

பிரிட்டனுக்கு வந்த பதினோரு வருடத்தில் ஐந்து வீடு பார்த்துவிட்டோம். ஈஸ்ட் ஹாமில் இரண்டு, க்ராய்டனில் இரண்டு, இப்போது லெஸ்டர். ஒவ்வொரு முறையும் கவுன்சில் டாக்ஸ், பள்ளிக்கூடம், ஜிபி (குடும்ப டாக்டர்) பதிவு எல்லாம் எப்படியோ ஒரு வாரத்தில் முடிந்துவிடும். மாதக்கணக்கில் இழுத்தடிப்பது கரண்டும் கேஸும்தான். மதுரையில் ஈ.பி.யிலிருந்து ஒருவர் வருவார், மீட்டரைப் பார்த்து அட்டையில் எழுதிவிட்டுப் போவார். யாரிடம் கரண்ட் வாங்குவது என்ற கேள்வியே அங்கே கிடையாது. ஒரே கம்பியில் வரும் கரண்டை விற்க இத்தனை கம்பெனி எதற்கு என்று என் மாமியார் இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறார். நியாயமான கேள்வி. இங்கே கம்பிக்கு ஒரு கம்பெனி, குழாய்க்கு ஒரு கம்பெனி, பில் போடுவது வேறொரு கம்பெனி. சப்ளையரை மாற்றுவது என்றால் பில் போடுகிறவரை மாற்றுவது, அவ்வளவுதான். யாரும் வந்து சுவரைத் தோண்டப் போவதில்லை, ஒரு நிமிடம்கூட கரண்ட் நிற்காது.

இங்கே எழுதுவது இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றுக்கும் சரி. வட அயர்லாந்தில் சந்தையே வேறு. கரண்ட், கேஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஆஃப்ஜெம் அமைப்பின் விலை வரம்பு அங்கே செல்லாது.

சாவி வாங்கிய அன்று

பெட்டிகளை இறக்குவதற்கு முன், பால் காய்ச்சுவதற்கும் முன், மீட்டரைப் போட்டோ எடுங்கள். நம் பெயரில் கணக்கு ஓடத் தொடங்குவது குடிபோகிற நாளில் இல்லை. வாடகை ஒப்பந்தம் தொடங்கும் நாளில். சொந்த வீடு என்றால் வீடு கைமாறுகிற நாளில். லெஸ்டர் வீட்டுக்கு ஒப்பந்தம் 1ஆம் தேதி, நாங்கள் சாமானோடு போனது 9ஆம் தேதி. நடுவில் அந்த எட்டு நாளும் எங்கள் தலையில்தான். அதனால் 1ஆம் தேதியே சாவியை வாங்கிக்கொண்டு தனியாகப் போய் எடுத்துவிட்டு வந்தேன்.

போட்டோவில் ரீடிங் தெரிந்தால் போதாது, மீட்டரின் சீரியல் நம்பரும் அதே படத்தில் விழ வேண்டும். பின்னால் எந்தத் தகராறு வந்தாலும் அந்த ஒரு படம்தான் பேசும். எடுத்த கையோடு உங்கள் ஈமெயிலுக்கே அனுப்பி வையுங்கள், தேதி நின்றுவிடும். பழைய வீட்டிலும் சாவியைத் திருப்பிக் கொடுக்கிற அன்று இதையே செய்ய வேண்டும்.

ஏஜென்ட் ஆள் எழுதுகிற செக்-இன் ரிப்போர்ட்டிலும் ரீடிங் இருக்கும். அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். க்ராய்டனில் எங்கள் கரண்ட் மீட்டர் காட்டியது 4521, அதற்கப்புறம் ஒரு புள்ளி, அப்புறம் ஒரு 3. ரிப்போர்ட் எழுதியவர் புள்ளியைக் கவனிக்காமல் 45213 என்று எழுதிவிட்டார். அந்த எண்ணையே சப்ளையருக்கும் அனுப்பிவிட்டார். அடுத்த மாதம் நான் 4700 என்று அனுப்பியபோது, மீட்டர் ஒரு முழுச் சுற்று சுற்றி வந்துவிட்டதாக அவர்களுடைய கணினி முடிவு செய்துகொண்டது. பில்லில் வந்த தொகையை இங்கே எழுதினால் சிரிப்பீர்கள். போட்டோவை அனுப்பினேன், பத்து நாளில் சரியானது. பொதுவாக, புள்ளிக்குப் பின்னால் இருப்பதையும் சிவப்புக் கட்டத்தில் இருப்பதையும் விட்டுவிட்டு முன்னால் உள்ள எண்களை மட்டும் கொடுக்க வேண்டும்.

மீட்டர் எங்கே இருக்கும் என்று தேடுவதே ஒரு வேலை. மாடிப்படிக்குக் கீழே, வாசல் கதவுக்கு மேலே, வெளிச் சுவரில் பதித்த வெள்ளைப் பெட்டியில், ஃப்ளாட் என்றால் கீழ்த்தளத்துப் பொது அலமாரியில். வெள்ளைப் பெட்டியைத் திறக்க முக்கோணத் துளை கொண்ட சின்னச் சாவி வேண்டும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் மீட்டரில் இரண்டு ரீடிங் மாறி மாறி வந்தால், அல்லது மேலும் கீழும் இரண்டு வரிசை எண்கள் இருந்தால், அது பெரும்பாலும் எகானமி 7. இரவில் ஏழு மணி நேரம் மலிவு, பகலில் விலை கூடுதல். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். இரவில் சூடேற்றி வைத்துப் பகலில் வெப்பம் விடுகிற ஸ்டோரேஜ் ஹீட்டர் வீட்டில் இருந்தால் அந்த டாரிஃப், அதாவது விலைத் திட்டம், லாபம். கேஸ் பாய்லர் இருக்கிற வீட்டில் எகானமி 7 மாட்டிக்கொண்டிருந்தால், பகல் முழுக்கக் கூடுதல் விலை கொடுத்துக்கொண்டிருப்பீர்கள். இந்த இரவு-பகல் மாற்றத்தை ஒரு காலத்தில் பிபிசி ரேடியோ 4 நெடு அலைவரிசையில் கலந்து அனுப்பிய ஒரு சமிக்ஞைதான் பல வீடுகளில் செய்துவந்தது. 2025 ஜூன் 30 முதல் படிப்படியாக அதை நிறுத்தத் தொடங்கினார்கள். புது வீட்டில் கரண்ட் மீட்டருக்குப் பக்கத்தில் ரேடியோ டெலிஸ்விட்ச் என்று எழுதிய கறுப்புப் பெட்டி கண்ணில் பட்டால், சப்ளையரிடம் பேசும்போது முதல் வேலையாக அதைச் சொல்லுங்கள்.

கேஸ் மீட்டரில் ஒரு சின்ன எழுத்து

கேஸ் மீட்டரின் முகப்பில் எண்களுக்குப் பக்கத்தில் கன மீட்டர் என்றோ கன அடி என்றோ போட்டிருக்கும். பழைய மீட்டர்கள் நூறு கன அடிக் கணக்கு, புதியவை கன மீட்டர். எங்கள் தெருவில் புதிதாக வந்த ஒரு குடும்பத்துக்கு முதல் பனிக்கால பில் வந்தபோது அந்த வீட்டு அம்மா என்னிடம் கொண்டுவந்து காட்டினார். மீட்டர் ஓடியிருந்தது 52 எண்கள்.

கணக்கு இப்படித்தான் போகும்: 52 கன மீட்டரை 1.02264ஆல் பெருக்க வேண்டும், அப்புறம் கேஸின் வெப்ப மதிப்பால் பெருக்க வேண்டும் (பில்லிலேயே இருக்கும், 39.5 என்று வைத்துக்கொள்வோம்), கடைசியில் 3.6ஆல் வகுக்க வேண்டும். வருவது சுமார் 583 யூனிட், பில்லில் kWh என்று போட்டிருக்கும். யூனிட் 6 பென்ஸ் என்றால் 35 பவுண்டு. ஆனால் அவர்கள் பில்லில் இருந்தது 1651 யூனிட். ஏன் என்றால் கம்பெனியின் பதிவில் அந்த மீட்டர் கன அடி மீட்டராக இருந்தது. நூறு கன அடிக் கணக்கு என்றால் முதலில் 2.83ஆல் பெருக்குவார்கள். 35 பவுண்டு ஆக வேண்டியது 99 ஆகிவிட்டது. மீட்டரை எப்போதோ மாற்றியிருக்கிறார்கள், பதிவை மாற்றவில்லை. முன்பு இருந்தவர் கவனிக்காமலே கட்டிக்கொண்டிருந்திருக்கிறார், பாவம்.

நினைவில் வைக்க ஒரு சுருக்குக் கணக்கு: ஒரு கன மீட்டர் கேஸ் ஏறக்குறைய 11 யூனிட். பில்லில் அது 31, 32 என்று வந்தால் உடனே போன் பண்ணுங்கள்.

யார் சப்ளையர் என்று கண்டுபிடிப்பது

புது வீட்டில் ஏற்கெனவே யாரோ ஒரு சப்ளையர் இருப்பார். நீங்கள் கையெழுத்தே போடாவிட்டாலும் வீடு உங்கள் பொறுப்புக்கு வந்த நாளிலிருந்தே அவருடைய வாடிக்கையாளர் ஆகிவிட்டீர்கள். இதற்கு டீம்டு கான்ட்ராக்ட் என்று பெயர். வழக்கமாக அது அந்தக் கம்பெனியின் ஸ்டாண்டர்டு வேரியபிள் டாரிஃப் விலையில் ஓடும், அதாவது அவ்வப்போது மாறுகிற சாதாரண விலையில். இதில் ஒரு நல்ல விஷயம், வெளியேற அபராதம் கிடையாது, எப்போது வேண்டுமானாலும் மாறலாம்.

ஏஜென்ட்டையோ வீட்டுக்காரரையோ கேளுங்கள். அவர்களுக்கும் தெரியாது என்றால், கேஸுக்கு ஃபைண்ட் மை சப்ளையர் என்ற இணையதளத்தில் போஸ்ட்கோடைப் போட்டால் வந்துவிடும். கரண்டுக்கு அந்தப் பகுதியின் கம்பி வைத்திருக்கும் கம்பெனியைக் கேட்க வேண்டும். லண்டனில் யுகே பவர் நெட்வொர்க்ஸ், லெஸ்டரில் நேஷனல் கிரிட். கரண்டுக்கும் கேஸுக்கும் வேறு வேறு சப்ளையர் இருக்கலாம். எங்களுக்கு அப்படித்தான் இருந்தது.

அவர்கள் உங்கள் வீட்டு இணைப்புக்கான இரண்டு அடையாள நம்பர் சொல்வார்கள். கரண்டுக்கு எம்பான், 13 இலக்கம். கேஸுக்கு எம்.பி.ஆர்.என், 6 முதல் 10 இலக்கம் வரை. எம்பானின் முதல் இரண்டு இலக்கம் உங்கள் பகுதியைச் சொல்லும். ஈஸ்ட் ஹாமில் எங்களுக்கு 12 என்று தொடங்கியது, லெஸ்டரில் 11. பிரிட்டனில் இப்படி 14 பகுதிகள். ஒரே கம்பெனி, ஒரே டாரிஃப் பெயர், ஆனால் பகுதிக்குப் பகுதி விலை வேறு. லண்டனில் இருக்கும் மைத்துனர் தன் விலையைச் சொல்லி, “அண்ணி, நீங்க ஏமாந்துட்டீங்க” என்று போனில் சிரித்தார். அவர் ஊர்க் கம்பிக்கு அந்த விலை, எங்கள் ஊர்க் கம்பிக்கு இந்த விலை. ஏமாற்று ஒன்றுமில்லை.

கதவடியில் “தி ஆக்குபையர்” (குடியிருப்பவர்) என்று பெயர் போட்ட கடிதம் கிடந்தால் அது உங்களுக்குத்தான், பிரித்துப் படியுங்கள். முன்பு இருந்தவர் பெயருக்கு வந்தால் பிரிக்காமல், அந்த முகவரியில் இல்லை என்று உறையில் எழுதிப் போஸ்ட் பெட்டியில் போட்டுவிடுங்கள். அவர் வைத்துவிட்டுப் போன பாக்கி அவரோடு போக வேண்டியது. வீட்டோடு ஒட்டிக்கொண்டு வராது. ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தை அனுப்பி, எந்தத் தேதியிலிருந்து நாம் பொறுப்பு என்று காட்டினால் சப்ளையர் கணக்கைத் திருத்தியாக வேண்டும்.

நிறையப் பேர் இந்தச் சப்ளையரோடு பேசாமலே நேரடியாக வேறு கம்பெனிக்கு மாறப் பார்க்கிறார்கள். மாறத்தானே போகிறோம், எதற்கு என்று. அது வேண்டாம். முதலில் போன் பண்ணி உங்கள் பெயர், தேதி, ரீடிங் மூன்றையும் பதிவு செய்யுங்கள். மாறுகிற நாள் வரைக்குமான காசை எப்படியும் நீங்கள்தான் கட்ட வேண்டும். அதோடு, பழைய ஆளின் கணக்கும் பாக்கியும் அந்த மீட்டரில் அப்படியே நின்றால் உங்கள் மாற்றத்தை அவர்கள் தடுத்து நிறுத்தவும் கூடும்.

புதிதாகக் கட்டிய வீடு என்றால் ஒரு கூடுதல் தலைவலி உண்டு. கட்டுமானக் கம்பெனி வைத்த ப்ளாட் (மனை) எண்தான் சப்ளையர் பதிவில் இருக்கும், தெரு முகவரி இருக்காது. உங்கள் வீட்டு நம்பரைச் சொன்னால் அப்படி ஒரு வீடே இல்லை என்பார்கள். ப்ளாட் எண்ணையும் எம்பானையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

கீ மீட்டர் என்றால் டாப் அப் பண்ணும் முன் நில்லுங்கள்

ஈஸ்ட் ஹாமில் முதல் வீடு. ஜனவரி மாதம், மாலை நான்கரைக்கே இருட்டு. கரண்ட் மீட்டரில் ஒரு பிளாஸ்டிக் சாவி செருகியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு கணவர் மூலைக் கடைக்குப் போய் 20 பவுண்டு போட்டுக்கொண்டு வந்தார். செருகினால் மீட்டர் காட்டியது 13. ஏழு பவுண்டு எங்கே போனது என்று எங்களுக்குப் புரியவில்லை. அடுத்த வாரமும் அதே கதை. முன்பு இருந்தவரின் கடனை வாராவாரம் நாங்கள் அடைத்துக்கொண்டிருந்தோம் என்று தெரிய மூன்று வாரம் ஆனது.

அதனால் கீ அல்லது கார்டு போடுகிற மீட்டர் இருந்தால், அங்கே கிடக்கிற பழைய சாவியைத் தொடாதீர்கள். சப்ளையரை அழைத்து, நாங்கள் புதிதாக வந்திருக்கிறோம், மீட்டரில் கடன் இருந்தால் நீக்குங்கள், புதுக் கீ அனுப்புங்கள் என்று கேளுங்கள். தபாலில் வரும்வரை காத்திருக்காமல் பேபாயின்ட் என்ற பலகை உள்ள, டாப் அப் பண்ணுகிற பக்கத்துக் கடையில் வாங்கிக்கொள்ளவும் ஏற்பாடு செய்வார்கள். தானே ரீடிங் அனுப்புகிற ஸ்மார்ட் மீட்டரே ப்ரீபே முறையில், முன்பணம் போட்டு ஓடிக்கொண்டிருந்தால் சாவி எதுவும் இருக்காது, தூரத்திலிருந்தே மாற்றிக்கொடுக்க முடியும்.

கேஸ் வாடை அடித்தால் மட்டும் சப்ளையரைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். 0800 111 999, அப்போதே. தெருவில் கரண்ட் போனால் 105.

உங்கள் மீட்டர் உங்களுடையதுதானா

ஃப்ளாட்டில் இருப்பவர்கள் இந்தச் சோதனையைச் செய்யாமல் விடாதீர்கள். ஈஸ்ட் ஹாமில் இரண்டாவது வீடு மாடி ஃப்ளாட். நாங்கள் இரண்டு பேர்தான், இருவரும் பகலில் வேலைக்குப் போய்விடுவோம். கரண்ட் பில் மட்டும் ஆறு பேர் இருக்கும் வீடு மாதிரி வந்துகொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழ்த்தளத்து அலமாரியைத் திறந்து, “ஃப்ளாட் 2” என்று எங்கள் பெயருக்கு ஒட்டியிருந்த மீட்டருக்குக் கீழே இருந்த மெயின் சுவிட்சை அணைத்தேன். மேலே போய்ப் பார்த்தால் எங்கள் ஹால் விளக்கு நன்றாக எரிந்துகொண்டிருக்கிறது. அதற்குள் கீழ் வீட்டு அக்கா, யாழ்ப்பாணத்துக்காரர், கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

“என்ன தங்கச்சி, நீங்க சுவிட்ச நிப்பாட்ட எங்கட ஃபிரிட்ஜ் எல்லோ நிண்டு போச்சு!”

அவர் வீட்டில் மாமனார், மாமியார், மூன்று பிள்ளைகள். போதாக்குறைக்கு மின்சார ஹீட்டர். அத்தனைக்கும் பதினொரு மாதமாக நாங்கள் பில் கட்டியிருக்கிறோம், அவர் எங்களுக்குக் கட்டியிருக்கிறார். இரண்டு மீட்டரின் சீரியல் நம்பரும் இரண்டு எம்பானுக்கும் மாறிப்போய்ப் பதிவாகியிருந்தன. அதைத் திருத்த நான்கு மாதமும் பதினேழு போன் அழைப்பும் ஆயின. அக்காவுக்கு ஒரே தொகையாகப் பெரிய பில் வரும் என்று பயந்தோம். 12 மாதத்துக்கு முந்தைய உபயோகத்துக்கு, தவறு வாடிக்கையாளருடையது இல்லை என்றால், சப்ளையர் புதிதாகப் பில் போட முடியாது; 2018 முதல் அப்படி விதி. மிச்சத்தைத் தவணையாகப் பிரித்துக் கொடுத்தார்கள். அக்கா அதற்காக என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. எங்களுக்குத் திரும்பி வந்த காசில் ஒரு நாள் சேர்ந்து சாப்பிட்டோம்.

பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜை அணைக்காமலே இதைப் பார்க்கலாம். உங்கள் வீட்டுக்குள் இருக்கும் ஃப்யூஸ் பாக்ஸில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, கீழே போய் மீட்டரைப் பாருங்கள். விளக்கு சிமிட்டுவது நின்றிருக்க வேண்டும், எண் நகரக் கூடாது. அப்புறம் பில்லில் இருக்கும் சீரியல் நம்பரும் மீட்டரில் இருப்பதும் ஒன்றுதானா என்று ஒப்பிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

டாரிஃப் பார்ப்பது

இனிதான் விலை. விற்பவர்கள் எப்போதும் மாதம் இத்தனை பவுண்டு என்றுதான் பேசுவார்கள். அந்தப் பேச்சுக்கே போகாதீர்கள். மாதத் தொகை என்பது அவர்கள் ஊகித்துச் சொல்லும் டைரக்ட் டெபிட், வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகிற தொகை. குறைத்து ஊகித்தால் ஏப்ரலில் பாக்கி நிற்கும், கூட்டி ஊகித்தால் உங்கள் காசு அவர்களிடம் தூங்கும். கேட்க வேண்டியது நான்கு: யூனிட் என்ன விலை, ஒரு நாளைக்கு ஸ்டாண்டிங் சார்ஜ் எவ்வளவு, எத்தனை மாதத்துக்கு, நடுவில் விலகினால் அபராதம் எவ்வளவு. கரண்டுக்குத் தனியாக, கேஸுக்குத் தனியாக.

ஸ்டாண்டிங் சார்ஜ் என்பது ஒரு பல்பும் போடாவிட்டாலும் தினமும் விழுகிற தொகை. நம்மில் பலர் யூனிட் விலையை மட்டும் பார்த்துவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள். ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம், விலைகள் சும்மா கணக்குக்காக. ஒரு டாரிஃபில் யூனிட் 24 பென்ஸ், ஸ்டாண்டிங் சார்ஜ் 60 பென்ஸ். இன்னொன்றில் யூனிட் 26, ஸ்டாண்டிங் 40. வருடத்துக்கு 1800 யூனிட் செலவழிக்கும் எங்களைப் போன்ற வீட்டுக்கு முதலாவது 651 பவுண்டு, இரண்டாவது 614. யூனிட் விலை கூடுதலாக இருப்பதுதான் மலிவாக முடிகிறது. அந்த அக்கா வீடு மாதிரி 4500 யூனிட் ஓடினால் முதலாவது 1299, இரண்டாவது 1316. தலைகீழாகிவிடுகிறது. இரண்டும் சமமாவது 3650 யூனிட்டில். அதனால் பக்கத்து வீட்டுக்கு நல்லது நமக்கும் நல்லது என்று எடுக்க முடியாது.

இதற்கு உங்கள் வருட யூனிட் தெரிந்திருக்க வேண்டும். பழைய வீட்டுக் கணக்கு கரண்டுக்கு ஓரளவு ஒத்துவரும், ஏனென்றால் அரிசி குக்கரும் வாஷிங் மெஷினும் நம்மோடுதானே வருகின்றன. கேஸுக்கு ஒத்துவராது. அது வீட்டின் சுவரையும் ஜன்னலையும் பாய்லரையும் பொறுத்தது. க்ராய்டன் ஃப்ளாட்டில் மேலும் கீழும் வீடுகள் இருந்ததால் குளிரே தெரியாது. இங்கே மூன்று பக்கமும் காற்று. முன்பு இருந்தவர் வருடத்துக்கு எவ்வளவு உபயோகித்தார் என்று சப்ளையரைக் கேட்டுப் பாருங்கள், சொன்னால் லாபம். சொந்த வீடு வாங்குகிறவர்கள் விற்பவரிடமே கேட்டுவிடலாம்.

எதுவும் தெரியாவிட்டால் ஆஃப்ஜெம் சராசரி வீட்டுக்கு வைத்த கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 2023 அக்டோபரில் அவர்கள் வைத்தது வருடத்துக்குக் கரண்ட் 2700 யூனிட், கேஸ் 11500 யூனிட். செய்தியில் விலை வரம்பு இத்தனை பவுண்டு என்று வாசிப்பது இப்படி ஒரு சராசரி வீட்டுக்குத்தான். 2019 ஜனவரியில் வந்த இந்த வரம்பு கட்டுப்படுத்துவது யூனிட் விலையையும் ஸ்டாண்டிங் சார்ஜையும். மொத்த பில்லுக்கு வரம்பு என்று நினைத்துக்கொண்டு ஹீட்டரை இருபத்து நான்கு மணி நேரமும் ஓடவிட்ட ஒருவரை எனக்குத் தெரியும். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை இது மாறும். குறிப்பிட்ட காலத்துக்கு விலை மாறாத ஃபிக்ஸ்டு டாரிஃபுக்கு இந்த வரம்பு கிடையாது, ஆகவே ஃபிக்ஸ்டு என்றாலே மலிவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அன்றைய வேரியபிள் விலையோடு யூனிட்டுக்கு யூனிட் வைத்துப் பாருங்கள்.

அரை மணிக்கு ஒரு விலை மாறுகிற டாரிஃபும் உண்டு, ஆக்டோபஸ் கம்பெனியின் அஜைல் போல. ஸ்மார்ட் மீட்டர் கட்டாயம். அதில் வழக்கமாக மாலை நான்கிலிருந்து ஏழு மணி வரை விலை உச்சத்தில் நிற்கும். பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்து, இட்லிக்கு அரைத்து, குக்கர் வைத்து, துணியும் போடுகிற நேரம் சரியாக அதுதான். எங்கள் வீட்டுக்கு ஒத்துவராது என்று விட்டுவிட்டேன். இரவில் கார் சார்ஜ் போடுகிறவர்களுக்கு வேறு கணக்கு.

ஒப்பிட, இலவச ஆலோசனை தரும் தொண்டு நிறுவனமான சிட்டிசன்ஸ் அட்வைஸின் இணையக் கருவியைப் பயன்படுத்துகிறேன். வணிக ஒப்பீட்டுத் தளங்கள் என்றால் ஆஃப்ஜெம் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள், எல்லா டாரிஃபையும் காட்டு என்ற தேர்வையும் அழுத்துங்கள். அவர்களுக்குக் கமிஷன் தருகிற டாரிஃபை மட்டும் முதலில் காட்டும் பழக்கம் உண்டு. கமிஷன் என்றதும் இன்னொன்று. கோவில் விழாவிலும் பிறந்தநாள் பார்ட்டியிலும், “நம்ம ஆளுதான், உங்களுக்கு நல்ல ரேட் போட்டுத் தர்றேன்” என்று ஒருவர் வருவார். நல்ல மனிதராகவே இருக்கலாம். மேலே சொன்ன நான்கு கேள்வியையும் எழுத்தில் கேளுங்கள். எழுதி அனுப்பினால் பார்க்கலாம், அனுப்பாவிட்டால் பாயசத்தைக் குடித்துவிட்டு வந்துவிடலாம்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு

பில் உங்கள் பெயரில் வந்து நீங்களே கட்டினால் சப்ளையரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது. ஏஜென்ட் முன்கூட்டியே ஒரு கம்பெனியில் உங்களைப் பதிவு செய்து வைத்திருந்தாலும் மாறலாம். மீட்டரையே மாற்றுவது என்றால் மட்டும் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அறை வாடகையில் பில்லும் சேர்ந்தே வருகிறது என்றால் முடிவு வீட்டுக்காரர் கையில். ஆனால் அவர் மீட்டர் வைத்து யூனிட் கணக்கில் உங்களிடம் வசூலித்தால், தான் கொடுக்கும் விலைக்கு மேல் ஒரு பென்ஸ்கூட வைத்து விற்கக் கூடாது. மாணவர்களாக வருகிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

பெரிய அடுக்குமாடிகளில் ஒரே பாய்லரிலிருந்து எல்லா வீட்டுக்கும் வெந்நீர் அனுப்பும் ஹீட் நெட்வொர்க் இருக்கும். அந்த வெப்பத்துக்குச் சப்ளையரை மாற்றவே முடியாது. கரண்டை மட்டும் மாற்றலாம். வீடு பார்க்கப் போகும்போதே இதைக் கேட்டுவிடுவது நல்லது. தண்ணீரும் அப்படித்தான், வீடுகளுக்கு மாற்று கிடையாது.

மாறுகிற வாரம்

தேர்ந்தெடுத்துவிட்டால் மீதி வேலையைப் புதுச் சப்ளையரே செய்வார். பழையவரிடம் நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். 2022 முதல் ஐந்து வேலை நாளில் மாறிவிடுகிறது. மனம் மாறினால் 14 நாளுக்குள் விலகிக்கொள்ளலாம். மாறுகிற நாளில் மறுபடி ஒரு போட்டோ, இரண்டு கம்பெனிக்கும் அதே எண். உங்கள் பெயரில் 28 நாளுக்கு மேல் பாக்கி நின்றால் பழையவர் தடுக்கலாம். கீ மீட்டரில் 500 பவுண்டு வரை கடன் இருந்தால் அதோடு சேர்த்தே மாற வழி உண்டு.

ஸ்மார்ட் மீட்டரின் குட்டித் திரை வீட்டோடு இருக்க வேண்டிய பொருள், முன்பு இருந்தவர் எடுத்துப் போயிருந்தால் கேளுங்கள். மாறிய பிறகு அதில் பழைய விலையே ஓடிக்கொண்டிருக்கலாம். பவுண்டைப் பார்க்காமல் யூனிட்டைப் பாருங்கள். முதல் தலைமுறை ஸ்மார்ட் மீட்டர் சில, கம்பெனி மாறியதும் ரீடிங் அனுப்புவதை நிறுத்திவிடும். அப்படியானால் மாதத்துக்கு ஒரு முறை நீங்களே அனுப்ப வேண்டியதுதான்.

வீட்டில் வயதானவர், கைக்குழந்தை, கரண்டில் ஓடும் மருத்துவக் கருவி இருந்தால் கூடுதல் உதவி தேவைப்படுகிறவர்களுக்கான பிரயாரிட்டி சர்வீஸஸ் பட்டியலில் புது முகவரியில் மறுபடி பெயர் கொடுங்கள். பழைய பதிவு தானாக வராது. பனிக்காலத்தில் கரண்ட் பில்லில் கழிக்கிற 150 பவுண்டு வார்ம் ஹோம் டிஸ்கவுண்டுக்குத் தகுதி உள்ளவர்களுக்குக் கரண்ட் பில் அவர்கள் பெயரிலோ துணைவர் பெயரிலோ இருக்க வேண்டும். மகன் பெயரில் இருந்தால் வராது. மாமாவும் அத்தையும் தனியாக வீடு எடுத்தபோது பில்லை மகன் பெயரில் போட்டுவிட்டு ஒரு பனிக்காலம் இழந்தார்கள்.

பழைய வீட்டுக் கணக்கை மறந்துவிடாதீர்கள். காலி செய்வதற்கு இரண்டு நாளாவது முன்பு அங்கே சொல்லி, கடைசி ரீடிங்கையும் புது முகவரியையும் கொடுங்கள். ஃபிக்ஸ்டு டாரிஃபில் இருந்தால் அதைப் புது வீட்டுக்குக் கொண்டுபோக விடுவார்களா, அபராதம் உண்டா என்று அப்போதே கேளுங்கள், கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். இறுதி பில் ஆறு வாரத்துக்குள் வர வேண்டும், மீதிப் பணம் இருந்தால் அதற்கப்புறம் பத்து வேலை நாளுக்குள். வராவிட்டால் புகார் என்ற சொல்லைப் பயன்படுத்தியே எழுதுங்கள். எட்டு வாரம் ஆகியும் தீராவிட்டால், இப்படிப்பட்ட தகராறுகளைத் தீர்த்து வைக்கும் எனர்ஜி ஆம்புட்ஸ்மனிடம் இலவசமாகப் போகலாம். போட்டோ இருக்கிறதல்லவா, தைரியமாகப் போங்கள்.

டைரக்ட் டெபிட்டை அந்த மீதிப் பணம் வந்த பிறகுதான் வங்கியில் ரத்து செய்ய வேண்டும். நான் ஒரு முறை முந்திக்கொண்டு ரத்து செய்தேன். 83 பவுண்டுக்கு அவர்கள் செக் எழுதி, நாங்கள் காலி செய்துவிட்ட பழைய வீட்டுக்கே அனுப்பி வைத்தார்கள்.